ஒற்றைக்கண் வெள்ளாடு

வெண்ணிலா செய்த களிமண் வெள்ளாட்டுக்கு ஒரு கண்தான் இருந்தது.

தேவயானி அவள் காலடியில் குனிந்து தேடினாள். ஆளுக்கு இரண்டு குன்றிமணி என்று தன் கையாலேயே எண்ணிக் கொடுத்தவள் அவள். ஆலங்காயத்திலிருந்து வாரம் இரண்டு நாள் மலையேறி வந்து, இந்தத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியமும் மண்வேலையும் சொல்லிக்கொடுக்கிறாள். சதுர்த்திக்கு வீட்டில் மண் பிள்ளையாருக்குக் குன்றிமணியில்தான் கண் வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு டப்பா கொண்டுவந்துவிட்டாள். சாமிக்கு வைக்கிற கண் பிள்ளைகளை என்ன செய்துவிடும்? வறுத்த புளியங்கொட்டையைப் பொழுதெல்லாம் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இவர்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. புத்தி எப்போதும் கடைசி பஸ்ஸில்தானே வரும்.

"இன்னொரு கண்ணு எங்கடி?"

வெண்ணிலாவுக்கு ஏழு வயது. ஆட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"துன்னுட்டியா?"

தலையாட்டினாள்.

"கடிச்சியா?" தேவயானி போட்ட சத்தத்தில் வகுப்பே ஒடுங்கியது. வெண்ணிலா அதற்கும் தலையாட்டினாள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் சந்திரன் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் பைக் சாவியை எடுத்தார்.

"முழுசா முழுங்கியிருந்தாகூட வெளிய வந்துடும் மேடம். கடிச்சா விஷம். ஆம்புலன்ஸ் மேல வர்றதுக்குள்ள நாமளே கீழ போய்டலாம். ஏறுங்க."

பைக்கில் நடுவே குழந்தை, பின்னால் தேவயானி. ஒவ்வொரு வளைவிலும் குனிந்து குனிந்து அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தாள். உதடு நீலமாகிறதா? தலை துவள்கிறதா? இவள் அம்மா சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது? உன் மகளுக்கு நான்தான் விஷத்தை எண்ணிக் கொடுத்தேன் என்றா? தேவயானி அவளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். குழந்தை மட்டும் ஆட்டை விடவே இல்லை.

கீழே ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் குழாயோடு வந்ததும் வெண்ணிலா வீறிட்டாள். பிடித்த பிடியில் ஆடு கைநழுவித் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

அதன் வயிற்றுக்குள் இன்னொரு மண் உருண்டை இருந்தது. அதன்மேல் சிவப்பாக, முழுசாக ஒரு குன்றிமணி.

"என் குட்டி செத்துப்போச்சி!" என்று வெண்ணிலா கதறினாள். "எங்க வூட்டு ஆடு சினையா இருக்குது. உள்ள இருக்கற குட்டிக்குக் கண்ணு வேணாமா?"

தேவயானி குனிந்து அந்த உருண்டையைக் கையில் எடுத்தாள்.

"அப்புறம் ஏன்டி துன்னேன்னு தலையாட்டுன?"

"இல்லன்னா அடிப்பீங்களே."

பக்கத்தில் நின்ற சந்திரனைப் பார்த்ததும்தான் தேவயானிக்கு அடுத்த இடி விழுந்தது. இன்று பள்ளியில் இருந்ததே இரண்டு ஆசிரியர்கள். இரண்டு பேரும் இங்கே இருக்கிறார்கள். மேலே பதினேழு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு குன்றிமணி, மேஜைமேல் திறந்த டப்பா.

சத்துணவு சமைக்கும் பச்சையம்மாவுக்குச் சந்திரன் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்காவது முறைதான் எடுத்தாள். தேவயானி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா, பசங்க அந்தச் செவப்பு மணிய எதனா துன்னாங்களா?"

"துன்றதா? சோறு துன்னக்கூட வர மாட்டேங்குதுங்க டீச்சர். கையக் கட்டிக்கினு உக்காந்துகினு இருக்குதுங்க. டப்பாவ நான் எடுத்தப்பகூட ஒண்ணும் அசையல. இன்னா பண்ணீங்க நீங்க?"

தேவயானி போனைச் சந்திரனிடம் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த குழந்தையின் கண்ணைத் துடைக்கக் கையை நீட்டினாள்.

வெண்ணிலா சட்டென்று இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக்கொண்டாள்.