லுஸ்வி திரும்பி வந்த நாட்கள்

காப்பிக் குவளைகள் அடுக்கிய தட்டோடு ரெனான்தே சவப்பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தபோது, வாசலில் டாக்டர் ஹலந்தோனி குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அவன் அக்கா லுஸ்வி மாரடைப்பில் இறந்து அன்று மூன்றாம் நாள். அடக்கத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்து மதிய வெயிலில், அடக்கம் வரை சவத்துக்குத் துணையாக விழித்திருக்கும் ஊர் வழக்கப்படி, முற்றத்துக் கூடாரத்தின் கீழ் சீட்டாட்டம் மும்முரமாக நடந்தது.

"வாங்க டாக்டரம்மா, ஒரு கை போடுறீங்களா?" என்றார் செவெரோ மாமா. "லுஸ்வி இருந்திருந்தா இந்நேரம் எங்களத் துடைச்சு எடுத்திருப்பா. பயமில்லாம ஆடுறது இப்பத்தான்."

டாக்டர் சிரித்தார். பெட்டியின் கண்ணாடி வழியாக லுஸ்வியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ரெனான்தேயின் அம்மாவிடம் ஒரு பெரிய உறையைக் கொடுத்தார். போன வருஷம் தன் மனச்சோர்வு ஆராய்ச்சிக்காக அவர் எடுத்த லுஸ்வியின் மூளைப் படங்கள். நகல் வேண்டுமென்று அவளே கேட்டிருந்தாளாம்.

அம்மா ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இதுல அவ சோகம் எங்க இருக்கு?"

"ஒரு படத்த வச்சுச் சொல்ல முடியாதும்மா. சோர்வு மட்டும் வர்றவங்க ஒரு பக்கம். சோர்வும் அளவு மீறின வேகமும் மாறி மாறி வர்றவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் நூறு நூறு படம் சேர்ந்தாத்தான் வித்தியாசம் கொஞ்சமாவது தெரியும்."

"அக்கா எந்தப் பக்கம்?" என்றான் ரெனான்தே.

"சோர்வு மட்டும். தூங்காம, களைப்பே தெரியாமத் திரிஞ்ச நாள் உண்டான்னு அவளக் கேட்டேன், வீட்டு ஆளா வந்த உங்களையும் கேட்டேன். ரெண்டு பேருமே இல்லைன்னீங்க."

அவன் தட்டைக் கீழே வைத்தான்.

பொய்யென்று நினைத்து அவன் சொல்லவில்லை. அந்த நாட்களை இந்த வீட்டில் யாரும் நோயில் சேர்த்ததே இல்லை. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் ஒரு காலையில் எழுந்து பாடுவாள். "லுஸ்வி திரும்பி வந்துட்டா" என்று அம்மா அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கத்துவாள். அவனுக்குப் பதினோரு வயதில், அக்கா பள்ளி வாசலிலிருந்தே அவனை இழுத்துப்போய்ப் படகேற்றி கிமாராஸ் தீவுக்குக் கூட்டிப்போனாள். சட்டையெல்லாம் மாம்பழச் சாறு. திரும்பும்போது படகுக்காரரைக் கெஞ்சிச் சுக்கானை வாங்கிக்கொண்டு, அலையில் படகு எகிறும்போதெல்லாம் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவன் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. அந்த வாரம் முழுக்க அவள் தூங்கவில்லை. தையல் இயந்திரத்தை விற்றுப் பதினான்கு வாத்துகள் வாங்கி வந்தாள்.

டாக்டர் பெட்டியருகே நின்று பிரார்த்தித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றான் மெதுவாக. "அந்த வாத்து வாங்கின வாரம்..."

அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவ படுத்துக் கெடந்த நாளையெல்லாம் அவங்க எடுத்துக்கட்டும். இது மட்டும்தான்டா என் பொண்ணு. இதையும் நோயின்னு குடுத்துட்டா எனக்கு என்ன இருக்கு?"

படமெடுத்துவிட்டு வெளியே வந்த அன்று, "என் மண்டையால எனக்குத்தான் பிரயோஜனமில்ல, யாருக்காவது ஆகட்டும்" என்று லுஸ்வி சொன்னது நினைவுக்கு வந்தது.

டாக்டர் விடைபெற்றுக் கிளம்பினார். ரெனான்தே எழுந்தான்.

"டேய், துக்க வீட்டுக்காரன் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பக் கூடாது. இன்னொரு சாவக் கூப்பிடுறியா?" என்றார் செவெரோ மாமா.

அம்மா படங்களை உறைக்குள் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலைத் தாண்டி, தெருமுனை வரை நடந்தான்.

டாக்டர் திரும்பிப் பார்த்துப் பதறினார். "நீங்க வெளிய வரக் கூடாதே!"

"வழியனுப்ப வரல. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

டாக்டர் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து பேனாவையும் ஒரு தாளையும் எடுத்து, ஓரமாக நின்ற ஜீப்பின் முன்மூடியில் வைத்துக்கொண்டார்.

"முதல் தடவை எப்போ?"

"எனக்கு அப்போ பதினோரு வயசு," என்று ஆரம்பித்தான்.

சவாரி தேடி ஒரு டிரைசைக்கிள் வந்து நின்று மணியடித்தது. டாக்டர் தலை நிமிராமலே கையை அசைத்து அதை அனுப்பினார். சற்றுப் பொறுத்து இன்னொன்று வந்தது. அதையும் அனுப்பினார்.