மதிலுக்கு எத்தனை பேர்

1

இந்தக் கதை ஓர் அசட்டுக் கேள்வியில் பிறந்தது. பஞ்சாபில், ஒரு விமானப்படைத் தளத்தின் மதிலோரம் இருபது வருஷம் குடியிருந்தவன் நான். பக்கத்து வீட்டு நச்சத்தர் சிங்குக்கு அந்த மதிலில்தான் காவல். "மொத்தம் எத்தனை பேர் நிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு அது?" என்றார். ஆறு மாதம் என்னை வேவு பார்த்த பிறகுதான் வாய் திறந்தார்.

2

'மூடுபனி மதிலை விழுங்கியிருந்தது. நச்சத்தர் தன் துப்பாக்கியை' — வேண்டாம். துப்பாக்கியைக் காட்டினால் சுடுவதற்குக் காத்திருப்பீர்கள். யாரும் சுடவில்லை.

நச்சத்தர் தரைப்படையில் ஓய்வுபெற்று மறுபடி சீருடை மாட்டியவர். வடக்கு மதிலுக்குக் காகிதத்தில் இருபது பேர். நின்றது ஆறு பேர்.* வானத்தில் எவனும் நெருங்க முடியாத விமானம், தரையில் அந்த ஆறு பேரை நம்பி நின்றது.

மெஹர் சந்த் மூன்று வருஷமாகக் காலையில் சைக்கிளில் டீ கொண்டுவருபவர். வந்ததும், "இன்னிக்கு எத்தனை கிளாஸ், பாஜி?" என்பார். பாஜி என்றால் அண்ணன். தளத்தை யாரோ தாக்கக்கூடும் என்று எச்சரிக்கை வந்த வாரம், அதே கேள்வி நச்சத்தருக்கு வேறு மாதிரிக் கேட்டது.

"பதினாலு" என்று கூட்டிச் சொன்னார்.

மெஹர் சந்த் சிரித்தார். "ஆறு பேருக்குப் பதினாலா? அவ்வளவு குளிரா பாஜி?"

* எண்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

3

(இங்கே மெஹர் சந்தின் சட்டைப்பையில் இன்னொரு செல்போனை வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். எனக்கே தெரியாத குற்றத்துக்கு நான் எப்படிச் சாட்சி ஜோடிப்பது?)

நச்சத்தர் அதிகாரியிடம் போனார். "சாப், டீக்காரனுக்கு நம்ம எண்ணிக்கை தெரிஞ்சிருக்கு."

"எத்தனைன்னான்?"

"ஆறு."

"அப்ப அவனுக்குத் தெரியலை. காகிதத்துல இருபதுல்ல இருக்கு?" அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். "புகார் எழுது. எண்ணை மட்டும் விட்டுடு."

யார்மேல் சந்தேகப்படுவது என்று நச்சத்தருக்குக் குழம்பியது. ஆனாலும் எண் இல்லாத புகாரில் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானமே மெஹர் சந்தைக் கூட்டிப்போனார்கள்.

4

முடிவு ஒன்று: 'அவர் வீட்டில் ஒரு வரைபடம்' — அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

முடிவு இரண்டு: 'நச்சத்தர் அவர் கையைப் பிடித்து மன்னிப்பு' — கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஐந்தாம் நாள் விட்டுவிட்டார்கள். மறுவாரம், மணிக்கட்டில் துணிக்கட்டோடு மெஹர் சந்த் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எத்தனை கிளாஸ் என்று கேட்கவில்லை. ஐந்து ஊற்றினார், ஐந்து பேருக்குக் கொடுத்தார், கேத்தலை மூடினார்.

"நானும் இருக்கேன்ல?" என்றார் நச்சத்தர்.

"மதில்ல எத்தனை பேருன்னு எனக்குத் தெரியாது, பாஜி."

பயமா, குத்தலா, தேர்ந்த நடிப்பா? நச்சத்தருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எனக்கும்தான். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என்ன முடித்தீர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.