கச்சேரி ரோட்டில் விழுந்த குண்டுகள்

கேப்டன் அப்துல் வஹீதின் மேல் படாமல் போன துப்பாக்கிக் குண்டுகள், 1944 ஜூன் முதல், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அவர் வீட்டு முற்றத்தில் விழத் தொடங்கின. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் விழும், நாளுக்கு ஏழெட்டு. எல்லாவற்றிலும் அவர் பூசும் மஜ்மூவா அத்தர் மணத்தது. அவர் மனைவி அஃப்சருன்னிசா அவற்றைக் கழுவாமல் அரிசிப் பானையில் சேர்த்தாள். எதிர்வீட்டு ஜானு அந்த நேரத்தில் உறைமோர் கேட்டு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அதே வாரம் பட்டாளத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. நாகா மலையில் ஜப்பான்காரன் வளைத்த குன்றைக் காக்காமல் கேப்டன் ஓடிவிட்டதாகச் சந்தேகமாம். செத்தார் என்று எழுதியிருந்தால் அவள் நாலு மாதம் பத்து நாள் திரைக்குப் பின்னால் இத்தா இருந்து புருஷனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருப்பாள். ஓடிப்போனவருக்கு எப்படி இருப்பது? வளையலைக் கழற்றவும் மனம் வரவில்லை, போட்டிருக்கவும் கூசியது.

அந்தக் குன்றில் ஒரு காலைப் பறிகொடுத்த ஹவில்தார் சுப்புராயன் கட்டையை ஊன்றித் தேடி வந்து சொன்னார்: “அடிபட்ட பதினோரு பேரை எறக்குற வரைக்கும் ஐயா பதுங்குற பள்ளத்துக்கு வெளிய நின்னாரும்மா. சுடுறவன் என்னைப் பாத்து சுடட்டும்னாரு.”

அவள் பானையோடு ரிக்‌ஷா ஏறி அந்த ஆபீசுக்குப் போனாள். அதிகாரிக்கு அதிகாரிதான் சாட்சி சொல்லலாம், ஹவில்தார் சொல் செல்லாது என்றார்கள். குன்றிலிருந்த மற்ற அதிகாரிகள் அத்தனை பேரும் செத்திருந்தார்கள். என்ன சட்டமோ, நாசமாய்ப் போக. நாடு இரண்டான பிறகு அதே நாற்காலியில் புதிதாக உட்கார்ந்தவர் அவள் பெயரைக் கேட்டுவிட்டு, “கராச்சிக்குப் போயிருப்பாரும்மா” என்றார்.

சண்டை முடிந்தும் குண்டுகள் நிற்கவில்லை. 1948 ஐப்பசியில் ஒருநாள் ஒரே ஒரு குண்டு விழுந்தது. அத்தர் மணம் இல்லை. ரத்தம் இருந்தது, சூடு ஆறவில்லை. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு நாலு வருஷத்து அழுகையையும் அழுது தீர்த்தாள். பிறகு வளையலைக் கழற்றிவிட்டு இத்தாவில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. ஜானு மறுபடி சாயங்காலத்தில் உறைமோருக்கு வந்தாள்.

ஓடிப்போனவர் வீடு வந்தாரா என்று மாதாமாதம் விசாரிக்கும் கான்ஸ்டபிள் நல்லசிவம் அந்த மாதமும் வந்தார். அஃப்சருன்னிசா திரைக்கு அடியில் குண்டைத் தள்ளினாள்.

“இதோ கீறாரு நைனா. எழுதிக்கோ.”

அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இன்னும் ஈரமா கீதேம்மா” என்றார். குண்டைப் பத்திரமாகத் திரைக்குள் வைத்தார், கையைத் தெருக் குழாயில் கழுவினார், நோட்டில் ‘ஆள் இன்னும் திரும்பவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதமும் வந்தார்.