பலகைக்கு வெளியே

எங்கள் லேசர் கண்ணுக்குத் தெரியாது. படையினர் குறிவைக்கப் பயன்படுத்தப்போகும் ஒளி அது. வாவியின் இக்கரையிலிருந்து அக்கரையில் நட்ட குறிப்பலகையில் அடித்துச் சோதிப்போம். கமெரா மட்டும் அதைக் கண்டு, திரையில் வெள்ளைப் பொட்டாகக் காட்டும். பொட்டு எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது கம்சாயினியாகிய என் வேலை.

காலையில் பொட்டு சொன்னபடி கேட்டது. மதியம் கச்சான் காற்று கிளம்பி, தண்ணீருக்கு மேலே சூடு அலையத் தொடங்கியதும் பலகையை விட்டுத் துள்ளியது. பலகைக்குப் பக்கத்தில்தான் மீனவர்களின் வலைக்கம்புகள். என் அப்பாவும் அங்கே நிற்பவர்; சோதனை நாட்களில் மட்டும் அவர்களை இறங்க விடுவதில்லை. அந்த ஒளி கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

மேலாளர் உதயரூபனிடம் சொன்னேன். களுதாவளைக்காரர், வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையாரைக் கும்பிடுகிறவர்.

"கமெராவப் பலகையளவுக்குச் சுருக்கு புள்ள. வெளிய போறது நமக்கெதுக்கு?"

"வெளிய மனிசர் நிக்கிற இடம் சேர்."

"நாளைக்கு அதிகாரிமார் வாறாங்க. அவங்க சரியெண்டா மறுநாளே, லேசர் அடிக்கக்குள்ளயும் மீன்காரர உள்ள விட்டுருவாங்க. உனக்கும் வேலை நிரந்தரம். ஆருக்கு நட்டம்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் வாவியையே மறைக்கச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளும் மீனவர்களை இறங்க விடவில்லை. தங்கள் இடத்தை வேறு யாரும் பிடித்துவிடாதிருக்க, வழக்கம்போலக் கம்புகளில் சட்டைகளைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதிகாரிகள் வந்துசேர மதியமாகிவிட்டது. கச்சான் யாருக்கும் காத்திருக்கவில்லை.

பெரிய திரையில் பலகை மட்டும் தெரிந்தது. பொட்டு காணாமல் போகும்போதெல்லாம் உதயரூபன் பேசிச் சமாளித்தார். மூன்றாம் முறை என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்துபோய் லென்ஸைத் திருகிக் காட்சியை அகலமாக்கினேன்.

பொட்டு பலகையைத் தாண்டி, கோடுபோட்ட ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

உதயரூபன் என் காதருகே குனிந்தார். "சுருக்கு. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேலை வேணும் சேர். ஆனா சுருக்க மாட்டன். ஏலுமெண்டா லேசரச் சுருக்குங்க."

அறை முழுக்கக் கேட்கத்தான் சொன்னேன். லென்ஸிலிருந்து கையையும் எடுக்கவில்லை. வேண்டுமானால் தள்ளிவிட்டுத் திருகட்டும்.

மூத்த அதிகாரி திரைக்குப் பக்கத்தில் வந்து, அது யாருடைய சட்டை என்று கேட்டார்.

"எங்கட அப்பாட சட்டை," என்றேன். "நீங்க சரியெண்டு சொன்னா, நாளைக்கு அவர் அதப் போட்டுக்கிட்டு அந்த இடத்திலதான் நிப்பார்."