நாற்பத்தொரு பேர் உள்ள ஊர்

1

இந்தக் கதை உறைந்த பட்டாணிப் பொதி ஒன்றில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை, ஆக்லாந்தின் பக்குரங்கா கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடம். யோகராணி (என் பெயர் இதுவல்ல, 'நான்' என்று எழுதினால் இரண்டாவது வரியைத் தாண்ட முடியவில்லை) தம்பி நிமலனோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தாள். அவன் கனடாவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமை வயலான சமவெளியில், ஒரு சிற்றூரில் பெற்றோல் நிலையம் வைத்திருந்தான். அங்கே சனி பின்னேரம்.

"கோழிப்பண்ணைக்காரிக்குப் பொம்பிளைப் பிள்ளை, அக்கா. திரும்ப நாற்பத்தொண்டு. நேற்றே ஊர்ப் பலகையில மாத்தி எழுதியாச்சு."

"சனத்தை எண்ணுறதைத் தவிர உனக்கு வேற வேலை இல்லையோ?"

"இந்த ஊரில வேற என்ன வேலை? பொறு, பெற்றோல் அடிக்க ஆள் வந்திருக்கு."

ஃபோனை மேசையில் வைத்துவிட்டுப் போனான். கடைக்கதவின் மணி கேட்டது. பிறகு காற்று மட்டும். பட்டாணி இளகுகிறதே என்று அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

புதன்கிழமை அவனுடைய நெஞ்சு நின்றுபோனது.

2

ஊரை வர்ணிக்க மூன்று தரம் முயன்றேன்.

'கடல்போல் விரிந்த கோதுமை வயல்களின் நடுவே—' வேண்டாம்.

'ஒரு தேவாலயம், ஒரு தானியக் களஞ்சியம், ஒரு—'

அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் ஞாயிறுதோறும் சொன்ன ஆட்கள்தான். பல்செட்டைத் தபாலகத்தில் மறந்துவிட்டுப் போகும் கிழவர். கணவரோடு கோபித்துக்கொண்டு, அவருடைய நாயிடம் மட்டும் கதைக்கும் மார்லீன். அவள்தான் ஊர்ச்சபை எழுத்தர். ஊர் எல்லையில் நிற்கும் மக்கள்தொகைப் பலகையில் எண்ணை மாற்றி எழுதுவதும் அவளே. நிமலன் இறந்த செய்தியைச் சொன்னதும் அவளே.

(நிமலனை நல்லவனாகவே எழுதிக்கொண்டு போகிறேனோ? ஆக்லாந்துக்கு வருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் வரவில்லை. அறையை ஒழுங்குபடுத்தி வைத்தது யோகராணி.)

3

மூன்று கிழமை கழித்து மார்லீனின் மின்னஞ்சல் வந்தது. மகள் லோஜனா உரக்க வாசித்தாள்.

ஊர்ப் பதிவில் நிமலன் வீட்டில் இரண்டு பேர்: அவனும் அக்காவும். அக்கா எங்கே என்று கேட்டால், வெளியே போயிருக்கிறா என்பானாம். பதினொரு வருடம். வெள்ளிக்கிழமை பலகையை மாற்றி எழுத வேண்டும். நீங்கள் வீடு திரும்புவீர்களா, அல்லது உங்கள் பெயரையும் எடுத்துவிடவா?

"மம், ஹி லைட் டு தெம்."

"பொய் இல்லை, பிள்ளை. வீட்டில எத்தினை பேர் எண்டு கேட்டிருப்பினம். சொல்லியிருக்கிறான்."

லோஜனாவுக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு, அப்போது உள்ளே நிற்பவர்களை மட்டும் எண்ணிப் பதில் சொல்வதில்லை. வேலைக்கு வெளியூர் போனவரும் கணக்கில் உண்டு, கடல் கடந்தவரும் உண்டு. யோகராணி நியூசிலாந்துக்கு வந்து பல வருடமான பின்பும் யாழ்ப்பாணத்துக் குடும்ப அட்டையில் அவள் பெயரை வெட்ட நிமலன் விடவில்லை. கிராம சேவகரோடு சண்டை பிடித்தானாம்.

"ஸோ வட் வில் யூ சே?"

யோகராணி தேத்தண்ணி போட எழுந்து போனாள்.

4

முடிவு ஒன்று: உண்மையை எழுதுகிறாள். பலகையில் முப்பத்தொன்பது. நேர்மையான முடிவு. ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் இருந்ததில்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது.

முடிவு இரண்டு: திரும்பி வருவேன் என்று எழுதுகிறாள். நாற்பது. அவன் பதினொரு வருடம் சொன்னதை இனி அவள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், முகம் தெரியாத ஒரு நல்ல மனுஷிக்கு.

முடிவு மூன்று: விமானமேறிப் போய்— (வெட்டிவிட்டேன். எனக்குக் குளிர் ஒத்துவராது.)

எனக்கு, என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

வியாழன் பின்னேரம். 'அன்புள்ள மார்லீன்' வரை எழுதியிருக்கிறேன். அடுத்த வரியை நீங்கள் எழுதுவதானால், அந்தக் கடைக்கதவு மணிச்சத்தத்துக்குப் பிறகு அவன் திரும்பி வந்து ஃபோனை எடுத்திருப்பான் என்பதையும் நினைவில் வைத்து எழுதுங்கள்.

அங்கே இன்னும் புதன்கிழமைதான். பலகையில் நாற்பத்தொன்று.