மருதாயி நிலையமும் சிவந்த ஓடையும்

"ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம களனி கங்கையவே செவக்க வச்சவன் இந்த ஒலகத்துல நான் ஒருத்தன்தான்!"

ருவான்வெல்லையில் நிலாமின் தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்து கன்னையா இதைச் சொன்னார். இரப்பர் தொழிற்சாலைப் புகையில் வெந்து ஓய்வு பெற்ற குரல், பஸ் ஹாரனையும் அமுக்கியது. பக்கத்தில் இருந்த காத்தமுத்து, கன்னையாவின் இறந்துபோன மனைவி மருதாயியின் தம்பி, வழக்கம்போல "பொய்" என்று சொல்லிவிட்டுக் கிளாஸை எடுத்தார்.

இன்று கன்னையா வீம்புக்கு அளக்கவில்லை. கடை வாசலில் வெற்றிலைக் கூறு விற்பதைவிட அதிகமாகத் தானே மென்று தீர்க்கிற நிலாமுக்கு, கன்னத்தின் உள்ளே ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. நாளை இரப்பர் தோட்டத்தில், கன்னையா நடத்தும் மருதாயி நிலையத்தின் வருஷாந்த வாய்ப் பரிசோதனை.

"வரமாட்டேன் கன்னையாண்ணே. ஒங்க கங்கக் கத மாதிரித்தான் ஒங்க நிலையமும். வேணுன்னா காத்தமுத்து சொல்லட்டும், அது நடந்திச்சின்னு. நாளைக்கே வாறேன்."

காத்தமுத்து பன்னிரண்டு வருஷமாக மறுத்து வருவது நிலாமுக்குத் தெரியும். கன்னையாவுக்கும் தெரியும். இருந்தாலும் தொடங்கிவிட்டார்.

மருதாயி போனது வாய்ப் புற்றுநோயில். முதல் திவசத்தன்று, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பிரா வாசலில், பழைய இரப்பர் பால் பீப்பா மூடியில் அவள் பெயரை எழுதித் தொங்கவிட்டு, "புற்றுநோய் நிலையம்" என்று அறிவித்தார் கன்னையா. அரசாங்க ஆஸ்பத்திரியின் சிங்கள டொக்டர் அம்மா, நோனாவின் காலைப் பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சம்மதிக்கவும் வைத்தார். சரி, ஜனத்தை எப்படி அழைப்பது? நல்ல காரியத்துக்கு அழைக்கிற மாதிரித்தான்! தட்டை ஏந்தி லயம் லயமாகப் போய், வீட்டுக்கு வீடு வெற்றிலை பாக்கு வைத்தார். வைத்த வெற்றிலையைப் போடாமல் வந்தால் வைத்தவருக்கு மரியாதையில்லையே. ஆகவே தோட்டமே மென்றுகொண்டு வந்தது.

எதற்கு வந்தோம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒருத்தி பல் பிடுங்க வந்திருந்தாள். ஒருவர் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிறார்கள் என்று கோட்டு மாட்டி வந்திருந்தார். பேயோட்டப் போகிறார்கள் என்று பூசாரி உடுக்கோடு நின்றார். திவசமா, திறப்பு விழாவா, ஆஸ்பத்திரியா என்று கன்னையாவுக்கே குழப்பம். மருதாயி படத்துக்கு முன்னால் அவளுக்குப் பிடித்த வெற்றிலையும் புகையிலையும் படைத்திருந்தார்.

நோனா முதல் வாய்க்குள் டோர்ச் அடித்ததுமே அலறினார். "மே லே த?" இரத்தமா இது?

"லே நெமெய் நோனா, புலத்!" இரத்தமில்லை, வெற்றிலை என்றார் கன்னையா.

அடுத்த வாயும் சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு. நோனா படையலைப் பார்த்தார். கன்னையாவைப் பார்த்தார். உன் பெண்சாதி எதனால் செத்தாள் என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்த கன்னையாவின் வாயிலிருந்து சிவப்பாய் ஒரு கோடு சட்டையில் வழிந்தது. அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"எல்லாரும் தண்ணிப் பீலிக்குப் போங்க! வாயக் கழுவுங்க!"

ஆயிரம் பேர் கொப்பளித்தார்கள் என்பது கன்னையாவின் கணக்கு. கோழி குஞ்சுகளைச் சேர்த்தாலும் தோட்டத்தில் அவ்வளவு உயிர் கிடையாது. ஆனால் துப்பிய துப்பு பீலியிலிருந்து வடிகானுக்கும் கானிலிருந்து ஓடைக்கும் இறங்கியது.

கீழே ஓடையில் குளித்துக்கொண்டிருந்தவர் காத்தமுத்து. "அக்கா செத்ததுக்கு விழாவா?" என்று கோபித்து வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்திருந்தவர். ஆறுகளில் பிணங்கள் மிதந்து வந்த கலவர காலம் கழிந்து அதிக வருஷமாகவில்லை. சோப்புத் தலையோடு குனிந்து தண்ணீரை அள்ளினால், கை நிறையச் சிவப்பு.

"கோவணத்தோட மேல ஓடியாந்தான் இவன், நிலாம் மொதலாளி! 'மச்சான வெட்டிப்புட்டாங்களே'ன்னு ஒரே ஒப்பாரி! அழுத வாய்க்குள்ள நோனா டோர்ச்ச விட்டாங்க. கழுவாமலே சுத்தமா இருந்த ஒரே வாய். உள்ள வெள்ளையா ஒரு திட்டு. அந்த வாரமே பெரியாஸ்பத்திரி. வெட்டித் தச்சாங்க, பொழச்சான்."

நிலாம் சிரித்தார். "என்ன காத்தமுத்து, பொய்தானே?" அந்தக் கேள்வியில் ஒரு கெஞ்சல் இருந்தது.

காத்தமுத்து கிளாஸைக் கீழே வைத்தார். கடைத்தெருவே கேட்கக் கோவணக் கதையை எப்படி ஒப்புக்கொள்வது? ஆனால் அவர் நிலாமின் கன்னத்தையே பார்ப்பதைக் கன்னையா கண்டார். உள்ளேயிருந்து நாக்கு அந்தப் புண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. காத்தமுத்துவின் கை தானாகவே தன் தைத்த கன்னத்துக்குப் போனது.

"கங்கையெல்லாம் இல்ல, நம்ம ஓடதான்" என்றார். "ஆயிரம் பேருமில்ல."

கன்னையாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"ஆனா செவப்பாத்தான் ஓடிச்சு, மொதலாளி. தல நெறைய சோப்போட நான் நின்னேன். நாளைக்கு வாங்க."