இரண்டாவது நாற்காலி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கணினிக்கு முன்னால் அப்ரார். இந்தப் பக்கம் மைக்கைச் சுற்றி நான்கு நாற்காலிகள். மைக்குக்கு நேர் எதிரே மலர்க்கொடி. அவளுக்கு வலப்பக்கம் ரெங்கம்மாள், இடப்பக்கம் ஆனந்தவள்ளி. சற்றுத் தள்ளிச் சுவரோரமாக, யாராவது கிள்ளிவிட்டால்தான் வாயைத் திறக்கும் தைலம்மாள். நாற்காலிகளின் முதுகில் காகிதப் பட்டை ஒட்டி அப்ரார் பெயர்களைக்கூட எழுதிவைத்திருந்தான். ஏற்பாட்டில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு பேரில் வந்திருந்தது மலர்க்கொடி ஒருத்திதான்.

"மத்தவங்க வரலையாக்கா?"

"கல்யாண ஜோலி தம்பி. நானே நாலு பேருக்கும் பாடிடுறேன். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம்னு நீதானே சொன்ன?"

"அடுக்கலாம். ஆனா நாலும் ஒரே குரலா இருந்தா ஊரே பாடுற மாதிரி இருக்காது. கெணத்துக்குள்ள கத்துன மாதிரி இருக்கும்."

"மாத்திப் பாடுறேன்ப்பா. பதினஞ்சு வருஷம் பக்கத்துல நின்னவளுங்க. அவளுங்க குரல் எனக்குத் தெரியாதா?"

அப்ரார் பாலக்கரைக்காரன். தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டு வீடியோ கேம் கம்பெனி ஒன்றுக்கு இசை அமைத்துக்கொண்டிருந்தான். கீழே பல் குடையும் சத்தம் மேலே கேட்கும் என்பதால் ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் பாட்டுப் பதிவு. அந்த நேரத்திலும் ஃபேன் கூடாது, ஏசி கூடாது. மலர்க்கொடிக்கு நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

கேமில் வருவது ஆற்றங்கரையில் பனி மூடிய ஓர் ஊர். குதிரையில் ஒரு வீரன் அங்கே வருவான். வீடு இருக்கும், அடுப்பு எரியும், ஆள் மட்டும் இருக்காது. பெண்கள் பாடுவது மட்டும் கேட்கும்.

"ஆளில்லாத ஊருல யாருப்பா பாடுறது?"

"அதைத் தேடிக்கிட்டுப் போறதுதான்க்கா கேமே."

மெட்டு இவர்களுடையதுதான். தொட்டியத்துக் கோயில் திருவிழாவில் இந்த நான்கு பேரும் கும்மியடித்துப் பாடியதை யாரோ போனில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அப்ரார் தேடிப் பிடித்தான். வார்த்தைகள் மட்டும் அவன் இட்டுக்கட்டியவை. 'நெய்லோ தாரே சூமினா.' எந்த நாட்டில் விளையாடுகிறவனுக்கும் புரியக் கூடாது என்பது கம்பெனியின் உத்தரவு.

"சூமினான்னா என்னா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஏதோ ஒரு ஊருல அது வசவா இருந்துடப் போவுது, பாத்துக்க."

சிரித்துக்கொண்டே அவன் ஒன்றை மட்டும் கறாராகச் சொன்னான். வரும் புதன்கிழமைக்குள் பாட்டு சேரவில்லையென்றால் கம்பெனி காத்திருக்காது. வேறு ஏதோ தேசத்துப் பெண்களின் குரல்கள் கணினிக்குள் விலைக்கு வாங்கி வைத்தபடி தயாராக இருக்கின்றன. அவற்றைப் போட்டு நிரப்பிவிடச் சொல்வார்கள்.

மலர்க்கொடிக்கு இந்தப் பாட்டு கைநழுவிப் போகக் கூடாது. இது போனால் அவளுக்குப் பாடுவதற்கு வேறு இடம் கிடையாது. முசிறியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் வைத்த பேனர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். 'மலர்க்கொடி குழுவினர்' என்று போட்டு, அவள் படத்தை மட்டும் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். திரும்பி வரும்போது வேனில் ரெங்கம்மாள் சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒனக்கு மூச்சு வாங்க நாங்க வேணும். பேரு வாங்க மட்டும் நாங்க வேணாம்."

"அப்ப நீயே முன்பாட்டுப் பாடேன், பாப்போம்" என்றாள் மலர்க்கொடி.

அதோடு போயிற்று. ரெங்கம்மாள் வராத இடத்துக்கு மற்ற இருவரும் வரவில்லை. ஒருமுறை மலர்க்கொடி நேரில் போனபோது, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ரெங்கம்மாள் தலையை நிமிர்த்தவேயில்லை. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தபின் மலர்க்கொடி ஸ்ரீரங்கத்துக்கு வந்து, ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துவைக்கும் வேலையில் சேர்ந்தாள். வடக்குச் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒற்றை அறை. பாத்திரம் கழுவும்போது தன்னையறியாமல் ஓர் அடி பாடுவாள். பாடிவிட்டு நிறுத்துவாள். ரெங்கம்மாளின் எதிர்ப்பாட்டுக்காக நிறுத்தும் பழக்கம். மாடியில் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம் வரும். மறுபடி கழுவ ஆரம்பிப்பாள்.

முதல் நாற்காலியில் அவள் பாடியது ஒரே தடவையில் சரியாக வந்தது என்றான் அப்ரார். ரெங்கம்மாள் பெயர் ஒட்டிய இரண்டாவது நாற்காலிக்கு மாறினாள். காதில் ஹெட்ஃபோனை மாட்டியதும் அவள் குரலே அவளுக்குக் கேட்டது.

ஓர் அடி. பிறகு தண்ணீரில் முங்கி எழுந்தவள் போல 'ஹ்க்' என்று ஒரு சத்தம். அடுத்த அடி, அதன் வாலில் குரல் தேய்ந்து, மறுபடியும் ஒரு 'ஹ்க்'.

"நடுவுல எதையாவது வெட்டிட்டியா தம்பி?"

"இல்லக்கா. நீங்க பாடுனதுதான். மூச்சு எடுக்குறீங்க."

"நானா?" ஊரில் அவளுக்கு இருந்த பெயரே வேறு. மலர்க்கொடி மூச்சே விடாமல் பாடுவாள் என்பார்கள்.

எதிர்ப்பாட்டைப் பாடிப் பார்த்தாள். ரெங்கம்மாளின் கட்டைக் குரல் வந்தது. ஆனால் பாட்டு ஒட்டவில்லை. பஸ் கிளம்பிய பிறகு ஸ்டாப்புக்கு ஓடி வருகிற மாதிரி ஒவ்வோர் அடியும் பிந்தி விழுந்தது. நான்கு தடவை பாடிவிட்டாள். ரெங்கம்மாள் எந்த இடத்தில் பாட்டை எடுப்பாள்? யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. ரெங்கம்மாள் பாடிய அத்தனை நேரமும் இவள் மனசுக்குள் தன்னுடைய அடுத்த அடியை அல்லவா சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் திருவிழா வீடியோவப் போடு தம்பி."

போட்டான். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே இவள் குரல் அடியின் கடைசிக்குப் போகிறது. அது முடியும் முன்பே, அந்தக் கடைசி எழுத்தின் மேலேயே ரெங்கம்மாள் வந்து ஏறிக்கொள்கிறாள். இரண்டு குரலும் சேர்ந்து இழுக்கும்போது இவள் குரல் சத்தமில்லாமல் கழன்றுகொள்கிறது. மூச்சு எடுப்பது கேட்கவேயில்லை. ஓர் இடத்திலும் கேட்கவில்லை.

மலர்க்கொடி ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வேனில் ரெங்கம்மாள் சொன்னதை வெறும் குத்தல் என்றுதான் அவள் இத்தனை நாளும் எண்ணியிருந்தாள்.

"அந்த மூச்சையெல்லாம் கம்ப்யூட்டர்ல வெட்டிடலாம்க்கா. ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம்." ஹெட்ஃபோன் வயரைச் சுற்றிக்கொண்டே, "கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. சண்டை" என்றாள்.

"தெரியும்க்கா. ரெங்கம்மாக்காவுக்கும் போன் பண்ணேன்."

"என்ன சொன்னா?"

அப்ரார் தயங்கினான். "'மலர்க்கொடி குழுன்னு போட்டுருக்கே, அதுல நான் யாரு'ன்னாங்க."

கீழே பல் குடையும் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அன்றைய பதிவு அவ்வளவுதான்.

"இன்னொரு தரம் போன் போடவா?"

"போன்ல நான் முடிக்கிறதுக்குள்ள அவ ஆரம்பிச்சுடுவா" என்றவள் தானே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வெள்ளப் பேப்பர் இருந்தா குடு."

அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மடியில் அட்டை வைத்து எழுதினாள்.

'ரெங்கம்மாளுக்கு மலர்க்கொடி எழுதுவது. இங்கு நலம். வரும் புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குள் தில்லை நகர் வரவும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் ஏறினால் போதும். கீழே பல் ஆஸ்பத்திரி, மேலே அப்ரார் தம்பியின் ரூம். ஃபேன் போட மாட்டார்கள், துண்டு எடுத்து வா. மற்ற இருவரையும் நீ கூப்பிட்டால் வருவார்கள். வார்த்தைக்கு அர்த்தம் கிடையாது, பயப்படாதே. உன் நாற்காலியில் உன் பேர் ஒட்டியிருக்கிறது. அதில் உட்கார்ந்து பாடிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. கேமின் கடைசியில் பாடினவர்கள் பேர் போடுவார்களாம். எப்படிப் போடுவது என்று நீ வந்து சொல். எனக்கு மூச்சு வாங்குகிறது.'

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனாள். அடிக்கவில்லை.

தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். "அனுப்புறவங்க பேரு எழுதலையேம்மா."

அவர் பேனாவையே வாங்கி 'மலர்க்கொடி' என்று மட்டும் எழுதினாள். உறையின் வாயில் பசை தடவி, ஓரங்களில் கட்டை விரலால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தாள்.

"நாளைக்குப் போயிடுமாங்க?"

"தொட்டியம்தானே? போயிடும்."

அவர் பார்கோடு பட்டையை ஒட்டி, முத்திரை குத்தி, உறையைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டார்.